கருவில் வளரும் மூளையும் வீட்டுப் பிளாஸ்டிக்கும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் முதல்முறை தாயாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த அன்றே பப்பாளியைத் தொடாதே, அன்னாசியைத் தின்னாதே, கனமான குடத்தைத் தூக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வீட்டில் அன்றிரவு ஓட்டலிலிருந்து கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கிவந்து கருவுற்ற பெண்ணின் தட்டில் ஊற்றும்போது தடுப்பார் யாருமில்லை. என் மகள் முதல் குழந்தையைச் சுமந்தபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அப்போது எனக்குத் தெரியாமற்போனவற்றை, இப்போது முதல்முறையாகக் கருவுற்றிருக்கும் பெண்களும், அவர்களுடைய கணவர்களும் மாமியார்களும் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எந்த வேதிப்பொருள்கள், மூளைக்குள் என்ன செய்கின்றன

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அன்று. பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும், அல்லது அதில் இருக்கக்கூடிய வேதிப்பொருள்கள் 16,000க்கும் மேற்பட்டவை என்று 2024இல் அறிவியலாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். அத்தனையையும் தெரிந்துகொண்டால்தான் ஏதாவது செய்ய முடியும் என்பதில்லை. இரண்டை அறிந்தால் அன்றாடத்தில் பெரும்பகுதி புரிந்துவிடும். முதலாவது பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாக பி.பி.ஏ. பாலிகார்பனேட் எனப்படும் கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இதைக் கொண்டுதான் செய்யப்படுகிறது. உணவு அடைக்கும் பல டின்களின் உட்புறப் பூச்சிலும், கடைகளில் தரும் பளபளப்பான பில் காகிதத்திலும் இது இருக்கும். இரண்டாவது தாலேட்டுகள். இயல்பில் விறைப்பான பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்குபவை இவையே. நறுமணப் பொருள்களில் மணம் நெடுநேரம் நிற்பதற்கும் இவற்றில் ஒருவகை சேர்க்கப்படுகிறது. தாலேட்டுகள் பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டவை அல்ல. மாவில் பிசைந்த எண்ணெயைப் போல அதனுள் கலந்து நிற்பவை. அதனால் சூடோ எண்ணெயோ பட்டால் வெளியே கசிந்துவிடுகின்றன.

தாயின் உடலுக்குள் சென்ற இவை நச்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடைகின்றன. தொப்புள்கொடி இரத்தத்திலும் பனிக்குட நீரிலும் பி.பி.ஏ. அளந்தறியப்பட்டிருக்கிறது. கருவின் மூளை தானாக வளர்ந்துவிடுவதில்லை. எந்த நரம்பணு எப்போது பிறக்க வேண்டும், எங்கே நகர வேண்டும், எதனோடு இணைய வேண்டும் என்பதற்கான கட்டளைகளில் பல ஹார்மோன்களின் வழியே வருகின்றன. கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாள்களில், அதாவது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரியாத காலத்தில், மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. முதல் மூன்று மாதங்களில் கருவுக்குத் தேவையான தைராய்டு ஹார்மோனைத் தாய்தான் கொடுக்கிறாள். குழந்தையின் சொந்தத் தைராய்டு சுரப்பி போதுமான அளவில் இயங்கத் தொடங்குவது ஐந்தாம் மாதத்தை ஒட்டித்தான். பி.பி.ஏ. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல வேடமிட்டு உயிரணுக்களுக்குத் தவறான செய்தி சொல்லக்கூடியது. தாலேட்டுகளில் சில டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் குறைக்கின்றன, தைராய்டு ஹார்மோனின் அளவையும் கலைக்கின்றன. வளர்ந்தவர் உடலில் சிறிய தடுமாற்றமாக முடிந்துபோவது, மூளை கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நிலையான மாற்றமாக நின்றுவிடலாம் என்பதே கவலைக்குக் காரணம்.

மனிதரிடையே நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நியூயார்க் நகரில் 328 தாய்மாரையும் அவர்களுடைய குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், கருக்காலத்தில் இருவகைத் தாலேட்டுகள் மிகுதியாக இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு 7 வயதில் நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.), குறைவாக இருந்தவர்களின் குழந்தைகளைவிட ஏழெட்டுப் புள்ளிகள் தாழ்ந்திருந்தது. சுவீடனிலும் அமெரிக்காவிலும் நடந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, தாலேட்டுகளுக்கும் குழந்தைகள் தாமதமாகப் பேசுவதற்கும் தொடர்பு கண்டது. பி.பி.ஏ.யைப் பற்றி 2024இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், குறிப்பிட்ட ஒரு நொதி குறைவாக இயங்கும் ஆண் குழந்தைகளிடம் அது ஆட்டிசத்தோடு தொடர்புற்றிருப்பதாக எழுதினார்கள். இவை யாவும் தொடர்பைக் காட்டுபவையே. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு இதனால்தான் இப்படி ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தந்ததுமில்லை. ஆனாலும் விலங்குகளிடம் செய்த சோதனைகளும் இதே பக்கம் கை காட்டுவதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நாளொன்றுக்கு உடல் தாங்கலாம் என்று தான் முன்பு சொல்லியிருந்த பி.பி.ஏ. அளவை 20,000 மடங்கு குறைத்தது. பேச்சு தாமதமான பிள்ளையை வைத்திருக்கும் தாய் எவரும் இதைப் படித்துவிட்டுத் தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதை இங்கேயே அழுத்திச் சொல்கிறேன்.

மனத்தைத் தேற்றும் செய்தியும் உண்டு. ஈயத்தைப் போல இவை எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. உட்கொண்ட பி.பி.ஏ.யின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. தாலேட்டுகளும் ஓரிரு நாளில் வெளியேறுபவையே. சான்பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பத்தார் மூன்று நாள் மட்டும் பிளாஸ்டிக்கும் டின்னும் படாத புதிய உணவை உண்டபோது, அவர்கள் சிறுநீரில் பி.பி.ஏ. அளவு சராசரியாக 66 விழுக்காடு குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஐந்தாம் மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன செய்து என்ன என்று நினைக்க வேண்டாம். மூளை பிறப்புக்குப் பின்னும் வளர்ந்துகொண்டிருப்பது. கருத்தரிக்க எண்ணியிருப்பவர்கள் இன்றே தொடங்கிவிடுவது மேலும் நல்லது.

முதற்படி: தண்ணீர்

மற்ற மாவட்டத்தார் எழுதிய அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் இதுதான். "கேன் தண்ணீரை விடுங்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடியுங்கள்" என்று வேறோர் ஊரில் சொல்லிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், பற்களில் கறையும் மூட்டுகளில் இறுக்கமும் கொண்ட மனிதரை நம் கிராமங்களில் காண்பதும் நாம் அறிந்தவை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிக்கும் குழந்தைகளின் நுண்ணறிவு எண் குறைவாயிருப்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் அறிவித்தது. எனவே பிளாஸ்டிக்குக்கு அஞ்சிப் பழைய போர் தண்ணீருக்கு, அதாவது ஆழ்துளைக் கிணற்று நீருக்குத் திரும்புவது, குழந்தையின் மூளையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதையே வேறு வழியில் இடருக்குள் தள்ளுவதாகும். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பதற்கென்றே அமைக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த நீர் வந்தால் அதைப் பிடித்துக் காய்ச்சி ஆறவைத்து, எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ மூடி வையுங்கள். சில ஊர்களில் ஒகேனக்கல் நீரும் போர் நீரும் ஒரே தொட்டியில் கலந்து வரும். உங்கள் ஊர் நிலை என்னவென்று தண்ணீர் திறந்துவிடுபவரைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஐயமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

கேன் தண்ணீர்தான் வழி என்றால் அதையே குடியுங்கள், ஆனால் கேனைப் பார்த்து வாங்குங்கள். 20 லிட்டர் கேனின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் அச்சாகியிருக்கும். எண் 7 என்றும் அதனருகில் பி.சி. என்றும் இருந்தால் அது பாலிகார்பனேட். 1 என்று இருந்தால் அது பெட் எனப்படும் வேறு வகை, அதற்குப் பி.பி.ஏ. மூலப்பொருள் அன்று. கடைக்காரரிடம் 1 எண் கேனைக் கேட்டு வாங்குங்கள். கீறல் விழுந்து மங்கிப்போன பழைய கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கடை வாசலிலும் வண்டியின் மேலும் நாள் முழுவதும் காய்ந்த கேன் எந்த எண்ணுடையதானாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நீரை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால், அது பிளாஸ்டிக்கில் கிடக்கும் காலமாவது குறையும். வெந்நீரை எக்காரணங்கொண்டும் கேனிலோ பிளாஸ்டிக் பாட்டிலிலோ ஊற்றாதீர்கள்.

மாடியிலுள்ள கறுப்புத் தொட்டியையும், சுவரில் பதித்த விறைப்பான பி.வி.சி. குழாயையும் பற்றித் தாலேட்டுக்காக அஞ்ச வேண்டியதில்லை. விறைப்பான குழாயை மென்மையாக்கத் தேவையில்லாததால் அதில் தாலேட்டு சேர்ப்பதில்லை. தோட்டத்துக்குப் பாய்ச்சும், வளைந்துகொடுக்கும் ஓஸ் அப்படியல்ல. வெயிலில் கிடந்த அந்த ஓஸ் வழியே வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: சூட்டையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற இயலும் என்பவர்கள் இதைப் பின்பற்றுங்கள். வெளியிலிருந்து உணவு வாங்கப் போகிறவர் கையில் தூக்குப்போசியோடு போகட்டும். சாம்பார், ரசம், குருமா, டீ ஆகிய நான்கும் சூடாகக் கவருக்குள் போகாமலிருந்தாலே பாதி வேலை முடிந்தது. எங்கள் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓர் ஓட்டலில் முதலில் பாத்திரத்தில் ஊற்றித்தர முடியாது, அளவு தெரியாது என்றார்கள். இரண்டு நாள் பொறுமையாகக் கேட்ட பிறகு ஊற்றித்தந்தார்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம், சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் கேரி பேக், தட்டின்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது.

காகிதக் கப் என்றால் காகிதம் என்று நம்பியிருந்தவர்களில் நானும் ஒருத்தி. அதன் உட்புறத்தில் நீர் ஊறாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. ஓசூர்ப் பக்கம் ஆலைகளில் வேலைபார்க்கும் பெண்கள் ஷிப்டுக்கு இரண்டு மூன்று முறை இப்படி டீ குடிக்க நேர்கிறது; பையில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொள்வதைவிட எளிய காப்பு அவர்களுக்கு வேறில்லை. மதிய உணவையும் எவர்சில்வர் டப்பாவில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்தான் இருக்கிறது என்றால் சோறு நன்றாக ஆறிய பிறகு அதில் போடுங்கள். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மட்டும் சூடாக்க வேண்டும்; டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் பிளாஸ்டிக்கை உள்ளே வைக்காதீர்கள்.

"பி.பி.ஏ. இல்லாதது" என்று அச்சிட்ட பாத்திரங்களைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றுட் பலவற்றில் பி.பி.ஏ.க்குப் பதிலாக பி.பி.எஸ். போன்ற உறவுப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவையும் ஹார்மோன்களைக் கலைக்கக்கூடியவை என்றே சோதனைகள் காட்டுகின்றன. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல எவர்சில்வர் சம்படம் வாங்கினால் அது உங்கள் பேத்தி காலம் வரை வரும்.

பால் பாக்கெட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது பாலித்தீன், அதை மென்மையாக்கத் தாலேட்டு தேவைப்படுவதில்லை, பாலும் குளிர்ந்தே வருகிறது. வாங்கியதும் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சினால் போதும். பால் குடிப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

மூன்றாம் படி: எண்ணெயும் புளிப்பும்

தாலேட்டுகள் நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரையும். ஆகவே எண்ணெய், நெய், ஊறுகாய், பொரித்த தின்பண்டம் ஆகியவற்றைக் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் இவற்றில் ஒன்றில் வையுங்கள். செக்கில் எண்ணெய் வாங்குவோர் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுபோகலாம். பாலக்கோட்டுத் தக்காளியும் நம் பக்கத்துப் புளியும் மலிவாகக் கிடைக்கும்போது தொக்கு கிண்டி வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், தொக்கைச் சூடாகப் பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிப்போடுவதைக் கண்டிருக்கிறேன். சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் ஒன்றாய்ச் சேரும் இடம் அது. ஊறுகாய் ஜாடியை மறுபடி பரணிலிருந்து இறக்குங்கள்.

டின்னில் அடைத்த உணவு நம் வீடுகளில் குறைவு என்பது நல்லதே. அமெரிக்காவில் 75 பேர் ஐந்து நாள் நாளொன்றுக்கு ஒருமுறை டின் சூப் குடித்தபோது, புதிதாகச் செய்த சூப் குடித்த நாள்களோடு ஒப்பிட, சிறுநீரில் பி.பி.ஏ. பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழக் கூழை டின்னில் வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. பருவத்தில் பழமாகவே உண்ணுங்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொள்ளுச் சாறும் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருபவை. சான்பிரான்சிஸ்கோ குடும்பங்கள் மூன்று நாள் மெனக்கெட்டு உண்ட உணவை நம் பாட்டிமார் நாள்தோறும் உண்டிருக்கிறார்கள்.

நான்காம் படி: களத்தில் கிடக்கும் பேனர்

திருமணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டிய ஃபிளக்ஸ் பேனர்கள் பிறகு எங்கே போகின்றன என்று நம் கிராமங்களில் பார்த்தால் தெரியும். கொட்டகைக்குக் கூரையாகின்றன, களத்தில் ராகியும் மிளகாயும் புளியும் காயப்போடும் விரிப்பாகின்றன. ஃபிளக்ஸ் என்பது மென்மையாக்கப்பட்ட பி.வி.சி.; அச்சு மையும் அதன்மேல் இருக்கிறது. உச்சி வெயிலில் சூடேறிய அந்த விரிப்பின்மேல் கொட்டை நீக்கிய புளியைக் காயவைப்பதை உடனே நிறுத்துங்கள். பருத்தித் துணி, ஈச்சம்பாய், சாக்கு, கழுவிய சிமென்ட் களம் எதுவும் இதற்கு மேல்.

அடுப்பு பற்றவைக்கக் கவரைக் கொளுத்துவதையும், வெந்நீர் அடுப்பில் பழைய செருப்பையும் ஒயரையும் போடுவதையும் விட்டுவிடுங்கள். பி.வி.சி. எரியும்போது டையாக்ஸின் போன்ற கொடிய நச்சுகள் உண்டாகின்றன. இவை கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் உடலை விட்டு நீங்காதவை. பக்கத்துத் தோட்டத்தில் குப்பை எரிந்தால் கருவுற்ற பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

ஐந்தாம் படி: தோலும் தூசியும்

வாசனை பவுடர், சென்ட், அறை நறுமணத் தெளிப்பான் ஆகியவற்றைப் பத்து மாதமாவது தள்ளி வையுங்கள். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். துணிக்கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் பில் போடும் வேலையில் இருப்பவர்கள் நாள் முழுவதும் அந்த வழுவழுப்பான காகிதத்தைத் தொடுகிறார்கள். சானிடைசர் தடவிய ஈரக் கையோடு அதைத் தொட்டால் பி.பி.ஏ. தோலில் மேலும் அதிகமாக இறங்கும். ஆகவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். வீட்டுத் தூசியிலும் தாலேட்டுகள் படிந்திருக்கும் என்பதால் பெருக்குவதோடு நில்லாமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. அதை வீட்டிலுள்ள ஆண்கள் செய்யலாம்.

செய்யக்கூடாதவை

மருத்துவமனையில் ஏற்றும் டிரிப்ஸ் குழாயிலும் இரத்தப் பையிலும் தாலேட்டு உண்டு. அதற்காக டிரிப்ஸையோ இரத்தத்தையோ வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். அங்கே காப்பாற்றப்படுவது உயிர். இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் பிளாஸ்டிக் டப்பாவில் வந்தாலும் தவறாமல் விழுங்குங்கள். நரம்புக்குழல் சரியாக மூடுவதற்குத் துணை நிற்பது ஃபோலிக் அமிலம். தைராய்டு ஹார்மோன் அயோடினைக் கொண்டே உருவாவதால் கல் உப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள். உடலிலுள்ள பிளாஸ்டிக்கை வெளியேற்றித் தருவதாகச் சொல்லி விற்கும் பொடி, கசாயம் எதையும் வாங்காதீர்கள். வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகம் செய்துகொண்டுதான் இருக்கிறது. மேலும் மேலும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதே நம் பங்கு.

வளைகாப்பும் அதன் பிறகும்

ஏழாம் மாதத்தில் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு வரும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் சுடச்சுடப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வாழை இலையில் பரிமாறுங்கள், கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் மந்தாரை இலையோ பாக்குமட்டைத் தட்டோ போதும். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு பிளாஸ்டிக் கூடை தருவதற்குப் பதிலாகச் சிறிய எவர்சில்வர் கிண்ணம் தரலாம். அவர்களில் யாராவது ஒருத்தி அடுத்து கருவுறப் போகிறவளாக இருப்பாள். மாமியாரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கும் மருமகளுக்கு ஒரு யோசனை: "அத்தை, நீங்கள் என் வீட்டுக்காரரை வயிற்றில் சுமந்தபோது எதில் தண்ணீர் வைத்துக் குடித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பானையும் செம்பும் வெள்ளீயம் பூசிய பித்தளையுமாய் அவர் சொல்லத் தொடங்கும்போது, நீங்கள் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியை அவரே சொல்லிவிடுவார்.

பிள்ளை பிறந்த பின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். தாய்ப்பாலிலும் இந்த வேதிப்பொருள்கள் சிறிதளவு வரக்கூடும் என்று கேள்விப்பட்டு நிறுத்திவிட வேண்டாம். மூளை வளர்ச்சிக்கு அதற்கு ஈடான உணவு வேறில்லை. பாலிகார்பனேட் பால்புட்டியை ஐரோப்பிய நாடுகள் 2011இல் தடை செய்தன, இந்தியாவிலும் பால்புட்டியில் அதற்கு அனுமதியில்லை. இப்போது விற்கும் பாலிபுரோப்பிலீன் புட்டிகளிலும் சூடான நீரை ஊற்றிக் குலுக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதை டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். மருத்துவர் சொல்லிப் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறவைத்து, பாலாடையால் புகட்டுங்கள். வெள்ளிப் பாலாடை வாங்க வசதியில்லை என்று எண்ண வேண்டாம். எவர்சில்வர்ப் பாலாடை நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது.